பயிற்சிக்குப் போய்வந்த குதிரை காலை மார்பு உயரத்துக்குத் தூக்குகிறது, போட்டிக்கு அனுப்பலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். நாங்கள் டென்னசியில் சிறு பண்ணை வைத்திருக்கிறோம். எங்கள் மூன்று வயது 'வாக்கிங் ஹார்ஸ்' இனப் பெண்குதிரையைக் கண்காட்சிக்குப் பழக்க நான்கு மாதம் ஒரு பயிற்சியாளரிடம் விட்டிருந்தோம். இப்போது முன்னங்காலை மார்பு உயரத்துக்குத் தூக்கி நடக்கிறது. ஆனால் லாயத்தில் பெரும்பாலும் படுத்தே கிடக்கிறது. நின்றால் பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்துக்கொள்கிறது. முன்குளம்புகளுக்கு மேலே முடி உதிர்ந்து, தோல் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. பயிற்சியாளரைக் கேட்டால், "காலில் மாட்டும் செயின் உரசினால் அப்படித்தான் இருக்கும். அழுத்திப் பாருங்கள், அசையாமல் நிற்கிறதே" என்கிறார். அடுத்த மாதம் போட்டி. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. அந்தப் பயிற்சியாளரிடமும் இனி விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால், முன்னங்கால்கள் தரையில் பட்டாலே அதற்கு வலிக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அந்த உயரத் தூக்கலுக்கும் வலிதான் காரணமாக இருக்கும். சுடுமணலில் வெறுங்காலோடு நடப்பவர் காலை வெடுக்கென்று எடுப்பாரே, அதே நடை.

இதற்குக் குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சோரிங்'. குளம்புக்குச் சற்று மேலே கடுகின் காரச் சாரம், மண்ணெண்ணெய், டீசல் என்று எதையாவது தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி ஊறவிடுவார்கள். தோல் வெந்த இடத்தில் செயினை மாட்டி ஓட்டினால் ஒவ்வோர் அடிக்கும் அது புண்ணில் வந்து மோதும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. குளம்பை உயிர்ச்சதை வரை சீவிவிட்டு லாடம் அடிப்பார்கள்; அல்லது லாடத்துக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவே கெட்டியான எதையாவது வைத்து இறுக்குவார்கள். குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே காலை உயர்த்தும் தடித்த பேட்களை அடுக்கடுக்காகப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. உங்கள் குதிரைக்கு அந்த உயர பேட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் என் சந்தேகம் இரட்டிப்பாகிறது.

"அழுத்தினால் அசையவில்லை" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். போட்டிக்கு முன் ஆய்வாளர் விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பார், வலித்தால் குதிரை காலை இழுக்கும் என்பதுதான் சோதனை. அதில் தப்புவதற்கும் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். பொய்ச் சோதனை நடத்தி, காலை இழுத்தால் முகத்திலும் தலையிலும் அடிப்பது. சில நாளில், காலில் வரும் வலியைவிட அசைந்தால் விழும் அடி பெரிது என்று அந்த ஜீவன் கற்றுக்கொள்கிறது. மரத்துப்போகும் மருந்தைத் தடவி அனுப்புவதும் உண்டு. அசையாமல் நிற்கும் குதிரையின் காலை நான் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன். காது பின்னால் போயிருக்கும், மூக்குத்துளை இறுகியிருக்கும், யாராவது கையை உயர்த்தினால் கண் விரியும். உங்கள் குதிரையின் முகத்துக்கு அருகே மெதுவாகக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால் அங்கே என்ன நடந்தது என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

சட்டமும் உங்களைத் தொடும். அமெரிக்கக் கூட்டாட்சியின் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் 1970-லேயே வந்தது, 1976-ல் திருத்தப்பட்டது. சோரிங் செய்த குதிரையைக் காட்சிக்கு விடுவதும், விற்பதும், அதற்காக வண்டியில் ஏற்றிச் செல்வதும் குற்றம். உரிமையாளர் அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம்தான். தெரிந்தே செய்தால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையும் 3,000 டாலர் வரை அபராதமும் உண்டு. காலை வேக வைக்கும் செயலை அந்தக் கூட்டாட்சிச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை என்பது பெரிய ஓட்டை. ஆனால் டென்னசியின் விலங்குக் கொடுமைச் சட்டம் அதையும் குற்றமாக்குகிறது.

அப்படியிருந்தும் ஏன் ஒழியவில்லை என்று கேட்பீர்கள். ஆய்வு செய்பவர்களைத் தொழில்துறை அமைப்புகளே நியமிக்கலாம் என்று 1976-க்குப் பின் வழி விட்டதுதான் முதல் காரணம் என்பது என் கருத்து. நம் டென்னசியின் ஷெல்பிவில்லில் 1939 முதல் நடக்கும் பெரிய வாக்கிங் ஹார்ஸ் போட்டி விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் அரசு ஆய்வாளர்கள் குதிரைகளை நிராகரித்ததால் உலகச் சாம்பியன் பட்டமே வழங்கப்படவில்லை. 2011-ல் அதே விழாவில் அமெரிக்க வேளாண் துறை 52 குதிரைகளின் கால்களிலிருந்து மாதிரி எடுத்தது. 52-லுமே தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 2012-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் குதிரை மருத்துவர் சங்கமும் இந்தச் செயினையும் பேட் அடுக்கையும் தடை செய்யச் சொல்லிவிட்டன. அதற்கான மசோதா 2019-லும் 2022-லும் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. 2024-ல் வேளாண் துறை தானே கொண்டுவந்த விதியின் முக்கியப் பகுதிகளை 2025 ஜனவரியில் டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் உங்கள் லாயத்துக்குள் நடப்பதைத் தீர்மானிக்க நீங்கள் வாஷிங்டனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்றே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலைக் கழுவாதீர்கள். தொட நேர்ந்தால் கையுறை போடுங்கள். இரண்டு முன்னங்கால்களையும் முன்னும் பின்னும், குறிப்பாகப் பின்மடிப்பை, தேதி தெரிய வெளிச்சத்தில் படமெடுங்கள். அந்தப் பயிற்சியாளரோடு தொடர்பில்லாத குதிரை மருத்துவரை வரவழையுங்கள். அவர் தோலில் மாதிரி எடுத்த பிறகு கழுவலாம். தழும்பைக் கரைக்கிறேன் என்று யாராவது சாலிசிலிக் அமிலம் தடவ வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது மறுபடியும் தோலை எரிப்பதுதான்.

லாடத்தை நீங்களே பிடுங்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துக் குளம்புக்குள் இருக்கும் எலும்பு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, மருத்துவர் பக்கத்தில் இருக்க, லாடக்காரர் கழற்றட்டும். நாள்கணக்கில் உயரத்தில் நின்ற காலை ஒரே நாளில் தரைக்கு இறக்கினால் தசைநாண் இழுபடலாம், கோணத்தை எப்படி மாற்றுவது என்று அவர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அழுத்தும் பொருள் ஏதாவது உள்ளே கிடைத்தால் எறியாமல் எடுத்து வையுங்கள். வலி மாத்திரையை உங்கள் கணக்கில் கொடுக்காதீர்கள், பியூட்டசோன் போன்றவை அளவு மீறினால் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். லாயத்தில் மெத்தென்று ஆழமாகப் படுக்கை போடுங்கள். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முழுக் குளம்பும் புதிதாக இறங்க ஓராண்டு பிடிக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கண்காட்சி ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த இனத்துக்குப் பிறவியிலேயே ஓட்ட நடை இருக்கிறது. நான்கு காலும் தனித்தனித் தாளத்தில் விழும், தலை ஆடும், பின்குளம்பு முன்குளம்பு பதித்த தடத்தைத் தாண்டி விழும். மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் குலுங்கவே குலுங்காது. ஒரு காலத்தில் தோட்டங்களை நாள் முழுக்கச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே வளர்த்த குதிரை அல்லவா. மருத்துவர் சரி என்ற பிறகு, சாதாரண லாடத்தோடு மேட்டிலும் பள்ளத்திலும் நிதானமாக நடத்துங்கள். தரையில் கழிகளைப் பரப்பி அவற்றைத் தாண்ட விடுங்கள், கால் தானாக உயரும், முதுகும் வலுக்கும். காலைத் தொட விடுவதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு விநாடி தொடுங்கள், அசையாவிட்டால் கையை எடுத்துத் தடவிக் கொடுங்கள். இழுத்தால் அதட்டாதீர்கள். இழுக்கலாம், அடி விழாது என்று அது தெரிந்துகொள்ள வாரக்கணக்காகும்.

பிறகு சாதாரண லாடப் பிரிவுகளில் போட்டியிடலாம். அங்கும் நான் மேலே சொன்னபடி குளம்பை வலிக்க இறுக்கி லாடம் போடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால், லாடம் அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எந்தப் பயிற்சியாளர் முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் லாயத்துக்குள் வர விடுகிறாரோ அவரிடம் மட்டும் குதிரையை விடுங்கள்.

எக்ஸ்ரேயும் மருத்துவர் குறிப்பும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான், முதல் மூன்று மாதம் எந்த லாடம், எவ்வளவு நடை என்று என்னால் சொல்ல முடியும்.