பள்ளி யாருடையது? ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் கேள்விகள்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலாண்மைக் குழுப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகவும் போயிருக்கிறேன். அரசுப் பள்ளி நிர்வாகம், மேலாண்மைக் குழு, சத்துணவு, மானியம், ஆசிரியர்களின் வேலைச் சுமை பற்றிக் கேளுங்கள். எந்தத் தனியார் பள்ளி நல்லது, எந்த டியூஷன் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

ரெண்டு வாலு அம்மா: சார், என்னைப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஆக்கியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்களுக்கு என்னதான் வேலை?

டீயைக் குடியுங்கள், தப்பில்லை. கையெழுத்துப் போடும் முன் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவுதான் உங்கள் குழுவுக்கு ஆதாரம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் பொறுப்புக்கே ஒரு தாயைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், அவ்வளவுதான். அவருக்கு நீங்கள் உதவிக்கு வந்த ஆட்கள் இல்லை.

சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலையில் முக்கியமானவை மூன்று: பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. மூன்றாவதைக் கேட்டால்தான் சிலருக்கு முகம் மாறும். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு பள்ளி மானியம் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை 30-க்குள் இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது விதிமுறை. அதில் பத்தில் ஒரு பங்கையாவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில், "இந்த வருஷம் மானியம் எவ்வளவு வந்தது சார், பாஸ்புக்கைப் பார்க்கலாமா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி கேட்க வேண்டியதில்லை. நேர்மையான தலைமையாசிரியர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். பணம் வரவே இல்லை, கைக்காசு போட்டுச் சுண்ணாம்பு அடித்தேன் என்று அவர் சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் குழுவுக்குத் தெரிய வேண்டியதுதானே?

இன்னொன்று. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கூட்டத்தில் பேசினால் போதாது. தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது பள்ளி கேட்டைத் தாண்டாது. தீர்மானமாக எழுதி நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்பினால், அங்கே ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். இதை இன்று பல முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொங்குத்தென்றல்: பெற்றோர் ஆசிரியர் கழகமும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. கழகம் பழைய ஏற்பாடு, சந்தா உண்டு, எல்லாப் பெற்றோரும் சேரலாம். குழு சட்டப்படி அமைவது. இதற்குச் சந்தா கேட்டால் கொடுக்காதீர்கள். எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.

பேருந்து நிலையம்: தனியார் பள்ளியில் பையன் ஏழாவது. வேலை போய்விட்டது, ஃபீஸ் பாக்கி. அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனால் டிசி கேட்கிறார்கள். பழைய பள்ளி, பாக்கியைக் கட்டினால்தான் டிசி என்கிறது.

எட்டாம் வகுப்பு வரை டிசி இல்லாததைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி உங்கள் பையனைத் திருப்பி அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், கட்டணப் பாக்கியை வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி விவரம் எழுதவும் கூடாது என்று தீர்ப்பளித்தது. பாக்கியை அவர்கள் தனியாகக் கேட்கட்டும், அது வேறு கணக்கு.

நாளைக்கே பையனை அழைத்துக்கொண்டு போங்கள். சேர்க்க மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பாதிப் பேர் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் 14417-க்குக் கூப்பிடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

சும்மா ஒரு டீச்சர்: சார், எங்களைப் பற்றியும் பேசுங்கள். காலையில் எமிஸில், அதாவது பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளத்தில், வருகைப்பதிவு, அப்புறம் உயரம் எடை பதிவு, நலத்திட்டப் பொருள் பதிவு. நடுவில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலை. பாடம் எப்போது நடத்துவது?

உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பள்ளி பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆசிரியருக்குப் பள்ளி என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, கையில் போனோடு நிற்கும் ஆசிரியரைப் பார்த்து, "எந்நேரமும் செல்போன்தான்" என்று ஊர் பேசுகிறது. அவர் பார்ப்பது வாட்ஸாப் இல்லை, பதிவேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் எமிஸ் என்று யார் சொல்வது?

சட்டத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி ஆசிரியரைக் கல்வி சாராத பணியில் பயன்படுத்தக் கூடாது. விலக்கு மூன்றுதான்: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறை நாளிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலும்தான் ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறை உங்களுக்கே தெரியும்.

தனியாளாக எதிர்த்தால் உங்களுக்கு மெமோ வரும். மேலாண்மைக் குழு வழியே போங்கள். "இந்த மாதம் எங்கள் ஆசிரியர் இத்தனை நாள் வகுப்பை விட்டு வேறு பணியில் இருந்தார்" என்று பெற்றோர் தீர்மானம் போட்டால் அதன் எடையே வேறு. பெற்றோர் ஆசிரியருக்காகப் பேசலாம் என்பதே பல குழுக்களுக்குத் தோன்றுவதில்லை. அதிகாரியும் ஆசிரியரை அதட்டுகிற மாதிரி ஓர் அம்மாவை அதட்ட முடியாது.

ஊர்க்குருவி: எங்கள் பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்கா பட்டியலினத்தவர். சில வீடுகளில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். வேறு ஆளைப் போட்டால் பிரச்சினை தீரும் என்கிறார் ஒரு பெரியவர்.

தீராது, பெருகும். இன்று சமையலரை மாற்றினால் நாளை பந்தியை மாற்றச் சொல்வார்கள், மறுநாள் தட்டை. சமாதானம் என்ற பேரில் ஆளை மாற்றுவதுதான் இதில் செய்யக்கூடிய பெரிய தவறு. அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. பெரியவருக்கு இரண்டையும் மரியாதையாகச் சொல்லி வையுங்கள்.

சட்டத்தை எடுக்கும் முன் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. தலைமையாசிரியர், குழுத் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லோரும் ஒரு வாரம் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும் சரி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோதும் சரி, 2022-இல் மதுரையில் காலை உணவு தொடங்கியபோதும் சரி, பசியைத் தீர்ப்பது பாதி வேலை. எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்வது மீதிப் பாதி.

நிலாச்சோறு: ஐயா, மகள் ஐந்தாவது முடித்தாள். தனியார் பள்ளி டிசி தர மறுக்கிறது...

மேலே பேருந்து நிலையத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள் அம்மா. அதேதான். எழுத்தில் கேளுங்கள்.

திண்ணை: எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் அப்பா காலத்திலிருந்து வாலிபால் ஆடுகிறோம். புதுத் தலைமையாசிரியர் வந்ததும் நாலரை மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார். பள்ளி ஊருடையதா, அவருடையதா?

ஊருடையது. ஆனால் கண்ணாடி உடைந்தால் மேலே பதில் எழுத வேண்டியது அவர். அதனால்தான் பூட்டு.

சும்மா ஒரு டீச்சர்: திங்கட்கிழமை காலையில் வந்து பாருங்கள் சார். பாட்டில் துண்டு பொறுக்குவது நாங்கள். போன வருஷம் மூணாவது படிக்கும் பையன் காலில் கண்ணாடி ஏறியது. வீட்டிலிருந்து வந்து என்னைத்தான் திட்டினார்கள், வாலிபால் டீமை இல்லை.

திண்ணை: டீச்சர், குடிக்கிறவன் சுவரேறிக் குதித்து வருகிறான். பூட்டு அவனைத் தடுக்கவில்லை, ஆடுகிறவனைத்தான் தடுக்கிறது. நாங்கள் ஆடிய காலத்தில் ஒருத்தன் பாட்டிலோடு உள்ளே வந்ததில்லை.

2008 பேட்ச்: கல்யாணம், காதுகுத்துக்கும் விடலாமே. வாடகையில் பெயின்ட் அடிக்கலாம்.

ரெண்டு வாலு அம்மா: ஆம்பளப் பசங்க ஆடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பெண்கள் எப்போது ஆடுவது?

ஒவ்வொருவராக வாருங்கள். திண்ணை சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம்தான் சீரழியும், என் அனுபவமும் அதுதான். டீச்சர் சொல்வதும் பொய்யில்லை. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி பள்ளியில்தான். 2018-இல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் சனங்கள் தங்கியது பள்ளிக்கூடங்களில்தான். அவசரத்துக்கு ஊருக்குப் பள்ளி வேண்டும், சாதாரண நாளில் ஊர் உள்ளே வரக் கூடாது என்றால், அந்தக் கட்டடத்தை யார் தன்னுடையது என்று நினைப்பான்?

கல்யாணத்துக்கு மட்டும் என்னிடம் சம்மதம் கேட்காதீர்கள். பந்தல் குழி, எச்சில் இலை, மறுநாள் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாடகை வாங்கினால் அந்தப் பணம் எங்கே என்று அடுத்த சண்டை. கட்சிக் கூட்டம், சாமி ஊர்வலக் கூட்டம் எதுவும் வேண்டாம்.

சும்மா ஒரு டீச்சர்: அப்போது சாவி யாரிடம்? எங்களை மாலை ஆறரை வரை உட்காரச் சொல்லாதீர்கள்.

சொல்ல மாட்டேன். சாவி ஊரில் இருவர் பெயரில், கையெழுத்தோடு. பதிவேடு இங்கேயும் வேண்டும்! இப்படி எழுதுங்கள்: "பள்ளி மைதானத்தை மாலை 5 மணி முதல் 6.30 வரை ஊர்ப் பிள்ளைகள் விளையாட அனுமதிக்கத் தீர்மானிக்கப்பட்டது. செவ்வாய், வியாழன், சனி பெண்களுக்கு. வகுப்பறை, கழிப்பறை, சத்துணவுக் கூடம் பூட்டியே இருக்கும். திறப்பதும் பூட்டுவதும் கீழே கையெழுத்திட்ட இருவர் பொறுப்பு. மறுநாள் காலை மைதானம் சுத்தமாக இல்லாவிட்டால் ஒரு வாரம் அனுமதி நிறுத்தப்படும்." கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம் என்பதால் நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகட்டும்.

திண்ணை: மூன்று நாள் பெண்களுக்கா? வாரத்தில் பாதி போய்விடுமே சார்.

ஊரில் பாதி அவர்கள்தானே தம்பி.

திண்ணை: சனிக்கிழமையையாவது விட்டுத் தாருங்கள்.

ரெண்டு வாலு அம்மா: சனி கிடையாது. திங்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை உங்கள் ஊர்க் கூட்டத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வரிசையில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்.

கனவு மெய்ப்படும்: சார், பையன் நீட்டுக்கு எந்த கோச்சிங் சேரலாம்?

என் துறை இல்லை. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு அவனுக்கு உண்டு. அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

மழைத்துளி: டிசி...

14417.

தாயுமானவள்: என் மகன் நான்காவது. பேசுவான், கணக்கை மனதில் போடுவான், வாசிக்க மட்டும் வராது. வகுப்பில் சோம்பேறி என்கிறார்கள்.

சோம்பேறி என்ற முடிவுக்கு யாரும் வர வேண்டாம். கற்றல் குறைபாடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நானில்லை. உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டு முகாமுக்குப் பெயர் கொடுங்கள். குறைபாடு என்று உறுதியானால் சான்றிதழ் வாங்கி வையுங்கள், பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் அதை வைத்துத்தான் கிடைக்கும். சோம்பேறி என்று பிள்ளை முன்னால் சொல்வதை நிறுத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

2008 பேட்ச்: நாங்கள் முப்பது பேர் சேர்ந்து பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர நினைக்கிறோம். திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம்?

முதலில் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே ஒரு போர்டு இருந்து, இணையம் இல்லாமல் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கப் போகிறார்கள். முக்கால்வாசிப் பள்ளியில் உண்மையான தேவை, கழிப்பறை கழுவ ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால் யாரும் தருவதில்லை. முப்பது பேர் மாதம் இருநூறு ரூபாய் போட்டால் ஆறாயிரம். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கும் அரசின் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியே கொடுங்கள், கணக்கு சுத்தமாக இருக்கும். தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அது அவருக்கும் ஆபத்து. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் குழுவில் இடம் வந்திருக்கிறது. உங்களில் உள்ளூரில் இருப்பவர் யாராவது உறுப்பினராகி, சம்பளம் மாதாமாதம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கட்டும்.

2008 பேட்ச்: அப்போது விழா?

அந்த ஆளுக்கு முதல் சம்பளம் கொடுக்கிற அன்றைக்கு வையுங்கள்.