அமெரிக்க நகரம் ஒன்றை உண்மையிலேயே சர்வதேச நகரம் என்று சொல்ல என்ன இருக்க வேண்டும்?

விமான நிலையத்தின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ என்று இருந்தால் போதும் என்றால், அமெரிக்காவில் சர்வதேச நகரம் அல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் முதல் நான்கு வருடம் இருந்தது அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில். பயணிகள் எண்ணிக்கையில் உலகின் பரபரப்பான விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. கோகோ கோலாவின் தலைமையகம், சிஎன்என் பிறந்த ஊர், 1996 ஒலிம்பிக் நடந்த ஊர். பெருமைக்குக் குறைவில்லை.

அந்த ஊருக்கு அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கினார். ஆறு மாதமும் வீட்டுக்காவல்தான். கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் தெரியாது, வீட்டு வாசலிலிருந்து கடை வரை நடந்து போக நடைபாதைகூடக் கிடையாது. சனிக்கிழமை நான் கூட்டிப்போனால் இந்தியக் கடை, ஞாயிற்றுக்கிழமை கோயில். மற்ற ஐந்து நாளும் ஜன்னல் வழியே அணில் பார்த்தார். (அட்லாண்டாக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பல நாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் பியூஃபோர்ட் ஹைவேயும், அகதிகள் நிறைந்த க்ளார்க்ஸ்டனும் இருப்பது எனக்கும் தெரியும். நீங்கள் காட்ட வேண்டியது அவற்றைத்தான், விமான நிலையத்தை அல்ல.)

2016ல் வேலை மாறி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் எல்ம்ஹர்ஸ்ட்டுக்கு வந்தேன். மறு வருடம் அம்மா திரும்பவும் வந்தார். மூன்றாவது வாரம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பதறிப்போய் நிற்கிறேன், அம்மா கையில் பையோடு சாவகாசமாக வருகிறார். “கீரை வாங்கப் போனேம்ல, என்ன இப்ப?” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அளவுகோல் கிடைத்தது: ஆங்கிலம் தெரியாத ஒரு அம்மா, துணை இல்லாமல் ஒரு முழு நாளை அந்த ஊரில் கழிக்க முடியுமா?

குயின்ஸில் முடியும். 2020 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 24 லட்சம் பேர். ஏறத்தாழ பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவின் தலைக்கு மேல் 7ஆம் நம்பர் ரயில் தடதடவென்று ஓடும். அதற்கே ‘இன்டர்நேஷனல் எக்ஸ்பிரஸ்’ என்று செல்லப்பெயர் உண்டு. ரயிலுக்குக் கீழே நடந்தால், 69ஆம் தெருப் பக்கம் பிலிப்பைன்ஸ் கடைகள், 74ல் வங்கதேசம், இந்தியா, நேபாளம், திபெத், 82ல் கொலம்பியா, அப்புறம் கொரோனாவில் எக்வடார், மெக்சிகோ. கொரோனா என்பது அந்தப் பகுதியின் பெயர், வியாதிக்கு முன்பே இருந்த பெயர். ரயிலின் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில் இறங்கினால் சீனமும் கொரியாவும்.

அம்மாவின் கீரைக்காரர் ஒரு வங்கதேசத்துப் பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. “புய் ஷாக்” என்று அவர் எடுத்துக் காட்டியது நம் கொடிப்பசலை. ஒரு மாதத்தில் அம்மா “ஷாக், ஷாக்” என்று கேட்கக் கற்றுக்கொண்டார். இதைவிடப் பெரிய கூத்து பிலிப்பைன்ஸ் கடையில். உறைபெட்டியில் ஏதோ பச்சை இலைப் பொட்டலம் இருந்தது. அம்மா விரலால் தொட்டு ‘என்ன’ என்று சாடை கேட்க, கடைக்காரப் பெண் “மலுங்காய்” என்றாள். அம்மா முகம் மலர்ந்து “முருங்கை!” என்றார். அவள் “மலுங்காய்!” என்றாள். இப்படியே இரண்டு பேரும் நாலைந்து தடவை சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் கோழிச் சாறில் போடும் இலையை அம்மா அன்றிரவு பருப்போடு பொரியல் செய்தார்.

என் இனத்தார் ஒரு லட்சம் பேர் ஓர் ஊரில் இருந்தால் அது எனக்கு வசதி, அவ்வளவுதான். முருங்கை மலுங்காயைச் சந்திக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்குக் காரியம் நடக்காது என்கிற நிலை தெருவில் இருக்க வேண்டும். புறநகர் இந்தியக் கடையில் இது நடக்காது, அங்கே எல்லோரும் நாமேதான்.

சரி, கீரை வாங்குவது எளிது, கையைக் காட்டினால் போதும். நெஞ்சு அடைக்கிறது என்று நடுராத்திரியில் மருத்துவமனைக்குப் போனால்? போனோம். நர்ஸிடம் நானே மொழிபெயர்க்கிறேன் என்றேன். வேண்டாம், குடும்பத்தார் கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் ஒரு போனைப் போட்டார். இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் குரல்: “அம்மா, எங்க நோகுது? மூச்சு எடுக்கக் கஷ்டமா இருக்கோ?” யாழ்ப்பாணத் தமிழ். அம்மா என்னைப் பார்த்து “மலையாளத்துப் பிள்ளையால?” என்றார். ஆனால் அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னார், பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் மூன்று நாளாகப் போடவில்லை என்பது உட்பட. “இவன்கிட்டச் சொன்னா செலவுன்னு யோசிப்பான்” என்று என் எதிரிலேயே சொன்னார். குடும்பத்தாரை ஏன் மொழிபெயர்க்க விடுவதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

இது யாரோ மனமிரங்கிச் செய்தது அல்ல. மத்திய அரசின் பணம் வாங்கும் மருத்துவமனை, பிறந்த நாட்டின் பேரால் ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம். மொழி புரியாமல் சிகிச்சை தவறிப்போவதும் அதில் சேரும். நியூயார்க் நகரம் 2017ல் தானே ஒரு சட்டம் போட்டு, நகர அலுவலகங்களின் முக்கியப் படிவங்கள் ஆங்கிலம் தவிர 10 மொழிகளில் இருக்க வேண்டும் என்றது. குயின்ஸில் வாக்குச்சீட்டு ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், சீனம், கொரியன், வங்காளம் ஆகியவற்றிலும் வருகிறது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் வியட்நாம் மொழியில் வாக்குச்சீட்டு உண்டு. ஓர் ஊர் சர்வதேச ஊரா என்று என்னைக் கேட்டால், உணவகங்களை எண்ண மாட்டேன், வாக்குச்சீட்டை வாங்கிப் பார்ப்பேன். 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அமெரிக்காவின் அலுவல் மொழியாக அறிவித்து அதிபர் ஆணை பிறப்பித்தார். அதன் பிறகு இந்தப் பார்வை இன்னும் அவசியம் என்று எனக்குப் படுகிறது.

ஐ.நா. சபை இருப்பதால்தானே நியூயார்க் சர்வதேச நகரம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. மன்ஹாட்டன் கட்டடம் வருவதற்கு முன், 1946லிருந்து 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது குயின்ஸின் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில்தான். 1947ல் பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்ததும் அங்கேதான். அந்தக் கட்டடம் இப்போது குயின்ஸ் அருங்காட்சியகம். ஆனால் உலக நாடுகளெல்லாம் கூடிய அதே காலத்தில், ஐ.நா.வில் வேலை பார்த்த கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் நகரில் வீடு கிடைப்பது பெரும்பாடு. அதற்காகவே ஊழியர்களுக்கு பார்க்வே வில்லேஜ் என்று தனிக் குடியிருப்பு கட்ட வேண்டியிருந்தது. சபை வந்துவிட்டது, ஊர் இன்னும் சர்வதேசம் ஆகவில்லை. அன்றைய சட்டப்படி இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 குடியேற்ற இடங்கள்தான். 1965ல் அந்த ஒதுக்கீட்டு முறை ஒழிந்த பிறகுதான், ரயில் பாதையை ஒட்டி நின்ற வாடகைக் குடியிருப்புகளுக்கு உலகம் வந்து சேர்ந்தது.

அந்த அலையில் வந்தவர்களின் கோயில்தான் ஃப்ளஷிங் பௌன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயில். ஐ.நா.வில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று, 1970ல் சங்கம் அமைத்து, முன்பு ரஷ்யத் தேவாலயம் இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4 அன்று, அதாவது அமெரிக்கச் சுதந்திர தினத்தில், குடமுழுக்கு நடத்தினார்கள். அடித்தள கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றால் முன்னே சீன மாணவர்கள், பின்னே யூதத் தம்பதி. தோசை பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு கதை. 2022ல் கோயில் முன்னால் உள்ள தெருப்பகுதிக்கு ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ என்று கூடுதல் பெயர் வைத்தது நகரம்.

பௌன் என்பவர் யார் தெரியுமா? ஜான் பௌன். ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, ஆளுநர் ஸ்டைவசன்ட் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டைத் தடை செய்தார். 1657ல் ஃப்ளஷிங் ஊரார் முப்பது பேர் போல, குவேக்கர்கள் அல்லாதவர்கள், எங்களால் இந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய முடியாது என்று மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். யூதர்கள், துருக்கியர்கள், எகிப்தியர்கள் பெயரையெல்லாம் அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். எழுதியவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். 1662ல் பௌன் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட்டியதற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஆம்ஸ்டர்டாம் வரை போய் வழக்காடி வென்று திரும்பினார். அவர் வீடு இன்னும் அதே தெருவில் நிற்கிறது. கோயிலிலிருந்து நடந்தே போகலாம், நடுவில் சுவாமி நாராயணன் கோயில் ஒன்றையும் தாண்டுவீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு குயின்ஸ் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்ச மழை கொட்டியது. நகரில் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தரைக்குக் கீழே உள்ள வீடுகளில் குடியிருந்தவர்கள், அதிலும் அதிகம் குயின்ஸில். நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி, தப்பித்தோம். மறுநாள் எங்கள் தெரு முழுக்க ஊறிப்போன மெத்தைகள். வாடகை கட்டுப்படியாகாதவர்கள்தான் அந்த மாதிரி வீடுகளில் ஒதுங்குகிறார்கள், பல வீடுகளுக்கு அனுமதியும் கிடையாது. அன்றிரவு என் போனில் அலறிய வானிலை மையத்தின் வெள்ள எச்சரிக்கை அப்போது ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும்தான் வந்தது. நேபாளியும் சீனமும் பேசுகிறவர்கள் எதைப் படித்து எழுந்து ஓடுவது? இன்னும் பல மொழிகளில் அனுப்புங்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டீஷா ஜேம்ஸ் அப்புறம் கேட்டார். என் அளவுகோலில் அந்த இரவுக்கு இந்த ஊர் ஃபெயில்.

அம்மா போன வருடமும் வந்திருந்தார். நகரத்தின் 10 மொழிப் பட்டியல் ஒட்டிய போஸ்டர் ஒன்றை நூலகத்தில் பார்த்து, என்னென்ன மொழி என்று கேட்டார். வரிசையாக வாசித்தேன்: ஸ்பானிஷ், சீனம், ரஷ்யன், வங்காளம், ஹைட்டி கிரியோல், கொரியன், அரபி, உருது, பிரெஞ்சு, போலிஷ்.

“நம்ம பாஷை?”

இல்லை, ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வைப்பார்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீரைக்காரர் பாஷை இருக்குல்ல? சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தார்.