தொட்டி நிறைய தீனி, ஆனாலும் பட்டினி

கேள்வி: கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது, 120 லிட்டர். ஆசையாக வாங்கிய மாண்டரின் மீன் நான்கே வாரத்தில் இறந்துவிட்டது. தினமும் இருவேளை குருணைத் தீனி போட்டேன். தண்ணீரைச் சோதித்ததிலும் குறையில்லை. என்ன காரணம்?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பட்டினிதான். பிலிப்பைன்ஸ், பலாவ் பக்கத்துப் பவளத்திட்டுகளில், கிளைப்பவள இடுக்குகளில் வாழும் 6, 7 சென்டிமீட்டர் மீன் இது. தின்பதைக் கவனித்துப் பாருங்கள்: கல்லருகே அசையாமல் நிற்கும், கண்ணை உருட்டும், வாயைச் சட்டென்று நீட்டி ஒரு கொத்து. பகல் முழுக்க இதே வேலை. கொத்துவது கோப்பிபாட் எனும் நுண்ணிய கணுக்காலிகளை. கடலில் பிடித்துவரும் மாண்டரின்களில் பல, அசையாத தீனியை உணவென்றே எண்ணாது.

இரண்டு மாதத் தொட்டியில் கோப்பிபாட் பெருகியிருக்காது. இருந்தவையும் சில வாரத்தில் தீர்ந்திருக்கும். முதலில் வயிறு ஒட்டும், பிறகு முதுகுப்பக்கச் சதை வற்றித் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். அந்த நிலைக்குப் போன மீனை மீட்பது கடினம்.

அடுத்த மீனை இப்போதே வாங்காதீர்கள். குறைந்தது 250 லிட்டர் தொட்டி, நிறைய உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டம் வேண்டும். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் கோப்பிபாட்கள் வெள்ளைப் புள்ளிகளாய் ஊர வேண்டும். அதே இரைக்குப் போட்டியிடும் ராஸ் வகை மீன்களைச் சேர்க்க வேண்டாம். பண்ணையில் பிறந்து, உறைந்த தீனிக்குப் பழகிய குஞ்சு கிடைத்தால் அதுவே மேல். கடையிலேயே உங்கள் கண்முன் தின்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்ட்டீமியா எனும் நுண் உப்புநீர் இறால் முட்டைகளைப் பொரித்துப் போடுவதானால், பொரித்த சில மணி நேரத்துக்குள் போடுங்கள். உடலிலுள்ள கரு உணவு தீர்ந்த ஆர்ட்டீமியா குஞ்சில் சத்து குறைவு.

கேள்வி: மாண்டரின் மீனின் நீலம் மற்ற மீன்களின் நீலம் போன்றதுதானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. பெரும்பாலான மீன்களில் நீலம் என்பது தோலிலுள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பிவிடுவதால் தெரிவது. மாண்டரினுக்கோ உண்மையான நீல நிறமி உண்டு. முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக அபூர்வம். உடலில் செதில் கிடையாது. கசப்பும் நாற்றமும் உள்ள தடித்த வழுவழுப்பே அதற்குக் காப்பு.

கேள்வி: மாண்டரினில் ஆண், பெண் எப்படி அறிவது?
– வாசகர், காரைக்கால்

பதில்: முதுகின் முதல் துடுப்பில் முன்முள் நீண்டு கொடிபோல் நின்றால் ஆண். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டையிட்டு ஒன்று சாகக்கூடும். ஜோடி ஒத்துப்போனால், பொழுது சாயும் நேரத்தில் இரண்டும் உடலோடு உடல் ஒட்டி மெல்ல மேலே எழும்பும். உச்சியில் முட்டையும் விந்தும் விட்டு, நொடியில் பிரிந்து கீழே பாயும்.