பூங்குழலி பாட்டும் அம்பாவும்

வணக்கம்.

'பொன்னியின் செல்வன்' (2022) படத்தை வீட்டில் மறுபடி பார்த்தோம். படகோட்டும் பூங்குழலி பாடுகிற 'அலைகடல்' பாட்டு வந்ததும் சண்டை. கல்கி எழுதிய பாட்டு எங்கே போயிற்று என்று அப்பா கேட்டார். கரைவலை இழுத்த பெரியப்பாவோ, "படகில் இருக்கிறவள் இப்படியா பாடுவாள், அம்பா அல்லவா வரணும்" என்றார். நாவல் படமாகும்போது பாட்டை எதை வைத்து எடைபோடுவது?

க., மண்டபம்

அன்புள்ள க.,

பெரியப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். அம்பா, பலர் சேர்ந்து இழுக்கிற வேலைக்கான பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கும்போது கயிறு வரும். மூச்சு இழுவைக்கு வேண்டும் என்பதால்தான் வாங்குகிற அடி அத்தனை சின்னது. மீன் சேர்கிற வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்க வேகமும் கூடும். இதை ஸ்டுடியோவில் ஒரே தாள வேகத்தில் பதிவுசெய்து, இழுக்கிறவர்கள் வாயில் நீள வரியைப் போட்டால் திரையில் கயிறு தளர்ந்துதான் தெரியும். பூங்குழலி தனியாகத் துடுப்புப் போடுகிறவள். அவளுக்கு அம்பா ஒட்டாது.

அப்பா கேட்டதில் நியாயம் உண்டு. நாவலின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று', கோடிக்கரை அருகே அந்தி நேரத்தில் அலை அடங்கிய கடலோடு தொடங்குகிறது. உங்கள் பக்கம் பெண்கடல் என்பீர்களே, அந்த அடக்கம். படகில் தனியாக இருப்பவள், 'அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்' என்று பாடுகிறாள். பின்னால் கடல் பொங்கும்போது அதே அமைப்பில், 'அலைகடல் கொந்தளிக்கையிலே அகக்கடல்தான் களிப்பதுமேன்' என்று பாட்டைப் புரட்டிப்போடுகிறார் கல்கி. மெட்டில்லாத காகிதத்தில் அவர் செய்த இசையமைப்பு இந்த ஜோடிதான். படத்தில் வந்தியத்தேவனைப் படகேற்றிக்கொண்டு போகும்போது பாட்டு வருகிறது. கேட்க ஆள் இருக்கிறது. தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அடுத்தவன் காதில் விழுகிற பாட்டாகிவிடுகிறது. ஏ.ஆர். ரஹ்மானின் நிதானமான மெட்டு எனக்குப் பிடிக்கும். அந்தரா நந்தியின் குரலும்தான். வரி மாறியதும் எனக்குக் குறையில்லை. ஜோடி உடைந்ததுதான் இழப்பு.

மலையாளப் படமான 'செம்மீன்' (1965) பாருங்கள். துறையின் மீனவர்களுக்கு 'புத்தன் வலக்காரே' என்று குழுப்பாட்டு கொடுத்த இசையமைப்பாளர் சலில் சௌத்ரி, நாயகன் பரீக்குட்டிக்கு 'மானஸ மைனே'யைக் கொடுத்தார். அவன் வலை இழுக்கிறவன் அல்ல, மீன் வாங்கும் கொச்சு முதலாளி, அதாவது சின்ன முதலாளி. படத்துக்கு மூலமான தகழியின் நாவலிலும் இரவில் கரையில் தனியே பாடுகிறவன்தான். அதைப் பாடிய மன்னா டேயின் மலையாளம் அங்கங்கே இடறும். நினைத்துச் செய்ததோ என்னவோ, அத்துறைக்கு அவன் வெளியாள் என்பதற்கு அந்த இடறலும் ஒத்துப்போகிறது.

எடைபோட ஒரு வழி: முதலில் அத்தியாயத்தைப் படியுங்கள். பிறகு காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்து, யார் வேலை செய்கிறார், யார் கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் படத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். அத்தியாயத்தில் பார்த்த ஆள் குரலில் கிடைத்தால் பாட்டு தேறியது. பெரியப்பாவுக்கு 'புத்தன் வலக்காரே'யைப் போட்டு, எந்த அடியில் கயிறு வரும் என்று கேட்டு எழுதுங்கள்.