ரயில் ஓட்டுபவர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் டியூட்டிக்கு எப்படிப் போய் வருகிறார்கள்?

சென்னையில் வண்டியை எடுக்கும் டிரைவர் கன்னியாகுமரி வரை ஓட்டுவாரா, பிறகு வீட்டுக்கு எப்படித் திரும்புவார், நடுவில் இருக்கும் சின்ன ஸ்டேஷன்களில் வேலை பார்ப்பவர்கள் தினமும் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிரைவர் என்று நாம் சொல்பவர் இப்போது லோகோ பைலட். கார்டுக்கு 2022-லிருந்து டிரெயின் மேனேஜர் என்று பெயர். நீண்ட தூர வண்டியை ஒரே ஆள் முழுக்க ஓட்டுவதில்லை. விழுப்புரம், திருச்சி, மதுரை போன்ற பெரிய ஜங்ஷன்களில் ஆள் மாறுவார்கள். எங்கே மாறுவது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைமையிடம் உண்டு. அங்கே இருக்கும் லாபியில், அதாவது டியூட்டி பதியும் அலுவலகத்தில் வந்து, மூச்சைப் பரிசோதிக்கும் கருவியில் ஊதிக்காட்டிவிட்டுத்தான் டியூட்டியில் சேர முடியும்.

ஈரோட்டுக்காரர் ஒருவர் சரக்கு வண்டியை ஜோலார்பேட்டை வரை கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரன்னிங் ரூம் என்ற ஊழியர் ஓய்வு விடுதியில் குளியல், சாப்பாடு, தூக்கம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்து வந்திருந்தால் வெளியூரில் 8 மணி நேரமும், சொந்த இடத்துக்குத் திரும்பிய பிறகு 16 மணி நேரமும் ஓய்வு என்பது விதி. ஓய்வு முடிந்ததும் ஈரோடு பக்கம் போகும் வண்டி ஒன்றைக் கொடுப்பார்கள். அதை ஓட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்வார். அப்படி வண்டி எதுவும் இல்லையென்றால் ‘ஸ்பேர்’ போகச் சொல்லி உத்தரவு வரும். அதாவது டியூட்டி பாஸில், வேறு ஒருவர் ஓட்டும் வண்டியில் பயணியாக உட்கார்ந்து வருவது. பக்கத்தில் இருப்பவருக்கு இவர் யாரென்றே தெரியாது. உட்கார்ந்து வந்தாலும் அதுவும் டியூட்டியாகத்தான் பதிவாகும்.

சரக்கு வண்டி வழியில் மணிக்கணக்காக நின்றுவிட்டால் டியூட்டி நேரம் அங்கேயே முடிந்துபோகும். அப்போது கன்ட்ரோல் என்ற கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாற்று ஆளை ஏதாவது பாசஞ்சரிலோ, வாடகை ஜீப்பிலோ அந்த ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். வேலை முடித்தவரை அந்த ஜீப்பே திரும்ப அழைத்துப் போகும். இப்படி வண்டியோடு போகும் ஊழியர்களின் சிரமம் பெரிது, தூக்கமே ஒழுங்காக இராது. ஆனாலும் அவர்கள் போய் வருவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது.

ஸ்டேஷனில் வேலை பார்ப்பவர்களின் கதை வேறு. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை வருவது எங்கள் பாடு. ரயிலில் வந்து போக பாஸ் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்துக்கு ரயில் இருக்க வேண்டுமே! குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர், மனைவியின் வேலை எல்லாவற்றையும் பார்த்துப் பலரும் பக்கத்து ஊரில் குடியிருப்பார்கள். எக்ஸ்பிரஸை எங்கள் வசதிக்கு நிறுத்தி ஏறிக்கொள்வோம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நிறுத்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது. இஞ்சினில் ஏறவும் தனி அனுமதி வேண்டும். ஆகவே காலை ஆறு மணிக்கோ எட்டு மணிக்கோ ஷிப்ட் மாறும் என்றால், அதற்கு முன்னால் அந்த ஸ்டேஷனில் நிற்கும் பாசஞ்சர்தான் கதி.

அந்த பாசஞ்சர் தாமதமானால் இரண்டு பேர் மாட்டிக்கொள்வோம். ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் முடிந்தது என்று எழுந்து போக முடியாது. அடுத்தவர் வந்து, எந்த வண்டி எங்கே இருக்கிறது, எந்த லைன் அடைபட்டிருக்கிறது, சாவிகள், பணம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு டைரியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விடுதலை. இரவு முழுக்க விழித்திருந்தவர் இன்னும் இரண்டு மணி நேரம் வண்டிகளுக்கு சிக்னல் கொடுப்பது சாதாரணமாக நடக்கும். அந்த இரண்டு மணி நேரம் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எனக்கு இப்போதும் மனதை உறுத்துகிறது.

நான் பல வருடம் ரெஸ்ட் கிவராக இருந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருப்பவருக்கு வார ஓய்வு கொடுக்க, திங்கள் ஓர் ஊர், செவ்வாய் வேறொரு ஊர் என்று சுற்றுவதுதான் வேலை. தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் போனால் பயணப்படி உண்டு. வெளியே இருந்தது ஆறு மணி நேரத்துக்குள் என்றால் படியில் 30 சதவீதம், பன்னிரண்டு மணி நேரம் வரை 70 சதவீதம், அதற்கு மேல் முழுப்படி. நள்ளிரவில் ஷிப்ட் முடிந்தால் விடியும்வரை வெயிட்டிங் ஹால் பெஞ்சில் படுத்திருந்துதான் முதல் வண்டியைப் பிடிப்பேன். அப்புறம் பைக் வாங்கினேன். மழைக்காலத்தில் அதுவும் கஷ்டம்தான்.

இன்னும் கடினமானது கேட் கீப்பர், தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக்மேன் ஆகியோரின் வேலை. ஊருக்கு வெளியே கேட் இருக்கும், அங்கே எந்த வண்டியும் நிற்காது. சைக்கிளோ பைக்கோ, இல்லையென்றால் தண்டவாள ஓரமாக நடை. தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேன் தன் பகுதியைத் தினமும் நடந்தே பார்த்தாக வேண்டும்.

2020 மார்ச்சில் பயணிகள் ரயில் எல்லாம் நின்றபோது சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஸ்டேஷன்களில் ஆள் தேவைப்பட்டது. அதற்காக சென்னை, மும்பை புறநகர்ப் பாதைகளில் பணியாளர்களுக்கென்றே தனி ரயில்கள் விட்டார்கள். பிறகு சேவை திரும்பியபோது பல பாசஞ்சர்கள் எக்ஸ்பிரஸ் ஆகின, சில சின்ன ஸ்டேஷன்களில் நிறுத்தம் போனது. அங்கே டிக்கெட் விற்பனை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே வண்டியில்தான் வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனும் மாஸ்டரும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிறுத்தத்தை எடுப்பதற்கு முன், அந்த ஸ்டேஷனின் ஷிப்ட் நேரத்தையும் ரயில் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.