விளக்கெண்ணெயை எஞ்சினில் ஊற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாமனார் தோட்டத்தில் கொட்டமுத்து போட்டிருக்கிறார். செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் டின் டின்னாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் விமானத்துக்கே இதைத்தான் ஊற்றினார்கள், ரேஸ் வண்டிகளுக்கு இன்றும் ஊற்றுகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என் 150 சிசி பைக்கில் ஊற்றிப் பார்க்கலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். வீடியோவில் சொன்னது பொய் இல்லை, பாதியை விட்டுவிட்டார்கள். முதல் உலகப்போர் விமானங்களில் இருந்த நோம், லெ ரோன் எஞ்சின்களில் சிலிண்டர்களே மொத்தமாகச் சுழலும், பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் (எஞ்சினின் நடுவில் முக்கிய அச்சு இருக்கும் பெட்டி) வழியாகத்தான் போகும், அதனால் பெட்ரோலில் எளிதில் கரைந்து ஓடிவிடாத எண்ணெய் வேண்டியிருந்தது, அதற்கு விளக்கெண்ணெய் சரியாகப் பொருந்தியது. ஆனால் அந்த எண்ணெய் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். உள்ளே போய், உராய்வைக் குறைத்து, புகையோடு வெளியே தெறித்துவிடும், திரும்ப உள்ளே வராது. (அதைச் சுவாசித்தும் விழுங்கியும் விமானிகளுக்கு வயிற்றுப்போக்கே வந்திருக்கிறது.) ரேஸ் வண்டி கதையும் இப்படித்தான். ஓட்டி முடித்ததும் எண்ணெயை வடித்துவிடுவார்கள், எஞ்சினை அடிக்கடி பிரித்துத் துடைக்க ஆள் இருக்கும்.

உங்கள் பைக்கில் ஒரே ஆயில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், காற்றோடு கலந்து சுற்றிச் சுற்றி வர வேண்டும். தாவர எண்ணெய் தோற்பது அங்கேதான். வாணலியின் வெளிப்பக்கம் படிந்து, கம்பி நாரால் தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசுக்கைப் பார்த்திருப்பீர்கள், அது சூட்டில் காற்று பட்டு இறுகிப்போன சமையல் எண்ணெய். அதே பிசுக்கு பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளத்திலும், ஆயில் போகிற சின்னத் துளைகளிலும் படிந்தால் ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், வண்டி புகை கக்கும், அப்புறம் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

இதோடு முடியவில்லை. 40 டிகிரியில் அளந்தால், இப்போதைய பைக்குகள் பலவற்றுக்குச் சொல்லப்படும் 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஆயிலைப் போல விளக்கெண்ணெய் ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டி, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல் பாகங்களுக்கு ஏற நேரமாகும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, அது வழுக்கும் வாய்ப்பும் இருக்கிறது. கடை ஆயிலில் அழுக்கைக் கரைத்து வைக்க, அமிலத்தை முறிக்க, தேய்மானத்தைத் தடுக்க என்று பல ரசாயனங்கள் சேர்ந்திருக்கும், செக்கு எண்ணெயில் அதெல்லாம் கிடையாது. காஸ்ட்ரால் என்ற பெயரே 1909-ல் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலோடுதான் வந்தது, அந்த நிறுவனமே இன்று உங்கள் மாதிரி பைக்குக்கு விற்பது அது அல்ல.

பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் சாதாரண மினரல் ஆயிலும் விளக்கெண்ணெயும் சம அளவு ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் கனமான விளக்கெண்ணெய் அடியில் தனியாக நிற்கும். எஞ்சின் அடியிலும் அதுதான் நடக்கும். மாமனாரிடம் எண்ணெயை நல்ல விலைக்கு விற்கச் சொல்லுங்கள், வாங்க ஆள் இருக்கிறது.

கேள்வி: 'தாவர எண்ணெயில் செய்தது, மண்ணில் மக்கும்' என்று ஒரு எஞ்சின் ஆயில் ஆன்லைனில் வருகிறது. விலை இரண்டு மடங்கு. நம்பி வாங்கலாமா? (கோவை வாசகி)

பதில்: தாவர எண்ணெயிலிருந்து நல்ல எஞ்சின் ஆயில் செய்ய முடியும், அது உண்மை. ஆனால் அப்படியே பிழிந்து ஊற்றுவதில்லை. கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, வேறு ஆல்கஹாலோடு சேர்த்து, சூட்டைத் தாங்குகிற எஸ்டராக மாற்றுகிறார்கள். எஸ்டர் உலோகத்தில் நன்றாக ஒட்டும், அதனால்தான் விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில்கள் சிலவற்றிலும் அது இருக்கிறது. விலை ஏறுவதற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

பாட்டிலில் இலை படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கிற கெட்டித்தன்மை எண், ஏபிஐ என்ற அமெரிக்கத் தரம், பைக் என்றால் ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2, கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் எம்பி, இவை அதில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வாங்காதீர்கள், வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் கண்டிப்பாக வேண்டாம், நாளை எஞ்சினில் ஏதாவது என்றால் கம்பெனி முதலில் கேட்பது ஆயில் பில்லைத்தான்.

'மக்கும்' என்பதற்கும் ஒரு அளவு உண்டு. ஓஇசிடி 301பி என்ற சோதனையில் 28 நாளில் 60 சதவீதமாவது சிதைந்தால்தான் 'எளிதில் மக்கும்' என்று சொல்லலாம். எந்தச் சோதனை என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் அந்த வார்த்தைக்குக் காசு கொடுக்க வேண்டாம். அப்படியே மக்கினாலும் அது புது ஆயில். ஓடி முடித்த ஆயிலில் உலோகத் துகளும் கரியும் எரியாத பெட்ரோலும் இருக்கும், அதை மண்ணில் கொட்டக் கூடாது.

கேள்வி: அப்படியானால் தாவர எண்ணெய் எதற்குத்தான் ஆகும்? எஸ்டேட்டில் செயின் சா வைத்திருக்கிறேன். (கொடைக்கானல் வாசகர்)

பதில்: உங்கள் வேலைக்குத்தான் ஆகும். செயின் சாவின் சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் ஒரு சொட்டுகூடத் திரும்பி வருவதில்லை, மரத்தூளோடு மண்ணில்தான் விழுகிறது. அந்த இடத்தில் பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் போவது மண்ணுக்கும் பக்கத்து ஓடைக்கும் மெய்யாகவே நல்லது. ஸ்டில் போன்ற கம்பெனிகள் தாவர எண்ணெயில் செய்த சங்கிலி ஆயிலைத் தனியாகவே விற்கின்றன. சமையல் சூரியகாந்தி எண்ணெயையும் சிலர் ஊற்றுகிறார்கள், தினமும் ஓடுகிற இயந்திரத்தில் சமாளித்துவிடும், ஆனால் இரண்டு மாதம் மூலையில் போட்டுவிட்டு எடுத்தால் சங்கிலி, அது ஓடுகிற தட்டோடு ஒட்டிப்போய் இழுக்க வராது. எதை ஊற்றினாலும் சரி, ஓய்வு கொடுக்கும் முன் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

செயின் சாவின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் வேறு விஷயம். அதற்குக் கையேட்டில் சொன்ன அளவில் ஜாசோ எஃப்டி தரம் போதும்.

கேள்வி: தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (திருப்பூர் வாசகி)

பதில்: கூடாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் பஞ்சும் தூசியும் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் என்றே சின்ன பாட்டிலில் விற்பதை வாங்குங்கள்.

கேள்வி: சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. பைக் ஆயிலில் என்ன செய்யலாம்? (மதுரை வாசகர்)

பதில்: கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னால் மாற்றாதீர்கள், சர்வீஸில் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடவோ, கரையான் வராது என்று மரத்தில் பூசவோ வேண்டாம். பழைய ஆயிலைச் சுத்திகரித்தால் திரும்பவும் நல்ல அடிப்படை எண்ணெய் கிடைக்கும், ஆயில் கம்பெனிகளுக்கு அந்தப் பொறுப்பைச் சுமத்தும் விதி இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் வீட்டில் மாற்றினால் அதே பழைய பாட்டிலில் ஊற்றி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் மூடி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். கொடுக்கும்போது, இது யாரிடம் போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.