பழைய பைக் காபரேட்டர், காத்துக் கரைச்சல்: கேட்ட ஆக்களுக்குப் பதில்

கேள்வி எல்லாம் சேந்து போச்சு, ஒவ்வொண்டா சொல்றன். முதல்ல ஒண்டு. எல்லாரும் காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற சாமான்) பிழை எண்டுதான் எழுதியிருக்கீங்க, ஆனா வாசிச்சுப் பாத்தா பாதிக்கு மேல காத்துப் பிரச்சினை. ஸ்குரூ டிரைவரை எடுக்க முதல், காத்து எங்கால உள்ள போகுது, போகக்கூடாத இடத்தால எங்கயும் களவா போகுதா எண்டு பாருங்க.

கல்லடியில இருந்து ஒரு தம்பி: அண்ணே, அப்பாட ஹொண்டா சிடி 125 பென்லி. சொக் போட்டா நல்லா ஓடுது, சொக்கை எடுத்தா நிக்குது. சூடான பிறகு ரேஸ் குடுத்து விட்டா உடன இறங்காம மேலயே நிக்குது. ரெண்டு கராச்சில காபரேட்டரைக் கழுவிட்டாங்க, அப்பிடியேதான் கிடக்கு.

தம்பி, சொக் எண்டது காத்தை மறிக்கிறது, அதைப் போட்டா ஓடுது எண்டா பெற்றோல் காணாது, இல்லாட்டி காத்து கூட. ஸ்லோ ஜெட் (ஸ்லோவில ஓடேக்க பெற்றோல் விடுற சின்னத் துவாரம்) அடைச்சிருந்தாலும் இப்பிடித்தான் காட்டும், ஆனா ரேஸ் இறங்க நேரமெடுக்குது எண்டு சொல்றீங்களே, அதுதான் காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில எங்கயோ காத்து இழுக்குது எண்டதுக்கு அடையாளம். அது கராச்சில கழுவிக் கழுவி வராது. உடுப்பு அயன் பண்ணேக்க தண்ணி அடிக்கிற போத்தல் இருக்கும்தானே, எஞ்சினை ஸ்லோவில விட்டுட்டு அந்த மூட்டு முழுக்க சுத்திச் சுத்தி மெல்லிசா பச்சத்தண்ணி அடிங்க, எந்த இடத்தில அடிக்கேக்க சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்டை. பெற்றோல் அடிச்சுப் பாக்கச் சொல்லுவாங்க, சூடான எஞ்சினில அது நெருப்புக்குப் போற வேலை, செய்யாதீங்க.

அங்க இருக்கிற ஓ ரிங்கை (மூட்டை அடைக்கிற றப்பர் வளையம்) கழட்டி விரலால தடவிப் பாருங்க. உருண்டையா இல்லாம தட்டையா, கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும். அதோட காபரேட்டர் வாயை ஒரு கண்ணாடித் துண்டில வச்சு ரெண்டு பக்கமும் அமத்திப் பாருங்க, ஆடுது எண்டா நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கி வளைச்சிட்டாங்க. அந்தக் கண்ணாடியிலேயே 400 நம்பர் எமரிப் பேப்பரை விரிச்சு, எட்டு வடிவத்தில மெல்ல உரஞ்சினா மட்டத்துக்கு வரும். பிறகு கழுவிப் பூட்டி, ரெண்டு நட்டையும் மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

இன்னொண்டு, பென்லி ரெண்டு சிலிண்டர், ஆனா காபரேட்டர் ஒண்டுதான். ரெண்டு பிளக்கையும் கழட்டிப் பக்கத்தில வச்சுப் பாருங்க. வெள்ளை எண்டா பெற்றோல் காணாத அடையாளம். ரெண்டும் வெள்ளை எண்டா ரெண்டுக்கும் பொதுவான இடத்தில பிழை, ஒண்டு மட்டும் எண்டா அந்தப் பக்கத்து மூட்டு, டெப்பட் (வால்வு இடைவெளி), பிளக் வயர். ஜெட்டில கை வைக்க வேண்டியதில்ல.

அக்கரைப்பற்று: அண்ணன், யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்டு வெச்சிரிக்கன். எயார் பில்டர் பெட்டியக் கழட்டிட்டன், சத்தம் நல்லாரிக்கி, ஆனா பொத்துவில் ரோட்டுல முழுசா முறுக்கினா இழுவை இல்ல.

பெட்டியைத் திருப்பிப் பூட்டுங்க, இண்டைக்கே. பில்டரும் பெட்டியும் எவ்வளவு காத்தை மறிக்கும் எண்டு கணக்குப் பாத்துத்தான் அந்த ஜெட்டே போட்டிருக்கு. கழட்டினா காத்து கூடி, பெற்றோல் காணாமப் போகும், எரியிற சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில அந்தச் சூட்டோட நீட்டுக்கு முறுக்கினா பிஸ்டன் பிடிச்சிரும், ஓடுற ஓட்டத்தில பின் சில்லு இறுகினா ஆளுக்குத்தான் ஆபத்து. அதோட கச்சான் காத்துக் காலம், சூடடிக்கிற காலம் எல்லாம் எங்கட பக்கம் எவ்வளவு தூசி பறக்குது, அவ்வளவும் நேர சிலிண்டருக்குள்ள போய்ச் சுவரை அரிக்கும். ஸ்பொஞ்ச் பில்டர் எண்டா மண்ணெண்ணெயில கழுவி, முறுக்காம அமத்திப் பிழிஞ்சு, நல்லாக் காய வச்சு, கொஞ்சம் ஒயில் தடவி ஒட்டப் பிழிஞ்சு போடணும். ஒருநாள் நீங்க முறுக்காமலே ரேஸ் தானா ஏறிச்சு எண்டா, அது கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுத்திக் காத்துப் போகாம அடைக்கிற றப்பர்) போன அடையாளமா இருக்கும், உடன நிப்பாட்டுங்க.

கொக்கட்டிச்சோலையில இருந்து ஒரு டீச்சர்: ஹொண்டா எம்டி 90இல பள்ளிக்குப் போறன். கொஞ்சத் தூரம் போனதும் மூச்சடைச்ச மாதிரி நிண்டுடுது, ரோட்டோரம் கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது.

டீச்சர், அடுத்த தரம் நிண்ட உடன டாங்கி மூடியைத் திறங்க. உஸ் எண்டு காத்து உள்ள இழுக்கிற சத்தம் கேட்டா மூடியில இருக்கிற சின்னத் துவாரம் சேத்துல அடைச்சிட்டு. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து போகாட்டி பெற்றோல் வராது. மூடியைக் கழுவி, காத்தடிக்கிற இடத்தில ஊதி எடுங்க, காசே போகாது. சத்தம் இல்லையெண்டா பெற்றோல் டப்பில இருக்கிற வலையைப் பாருங்க, அதுவும் சுத்தம் எண்டா சூட்டில டெப்பட் இறுகுதா எண்டு பாக்கச் சொல்லுங்க, எஞ்சின் ஆறின பிறகு 0.05 மில்லிமீட்டர் இடைவெளி.

வாழைச்சேனை: கடல்கரையில நிக்கிற பைக், காபரேட்டருக்குக் கீழ இருக்கிற மிதவைக் கிண்ணத்துக்குள்ள வெள்ளையா மா மாதிரி, பெற்றோலும் ஒழுகுது. ஜெட்டைக் கம்பி போட்டு எடுக்கவா?

கம்பி போடவே வேணாம். கெய்ஹின் கம்பனிக் காபரேட்டர் ஜெட்டில 88 எண்டு அடிச்சிருந்தா ஓட்டை 0.88 மில்லிமீட்டர், பித்தளை மெது, உருக்குக் கம்பியால ஒருக்கா சுரண்டினா பிறகு அந்த நம்பரை நம்பேலாது. உங்களிட்டத்தான் தங்கூசி (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) இருக்குமே, மெல்லிய நம்பரில ஒரு துண்டு போதும். அந்த வெள்ளை, தண்ணி உலோகத்தை அரிச்ச தூள். தண்ணி பெற்றோலை விடப் பாரம், அடியில போய்க் கிண்ணத்திலேயே நிக்கும், அதால கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற வடிகால் ஆணியை மாசத்தில ஒருக்காவாவது திறந்து விடுங்க. ஒழுகுறதுக்கு மிதவை ஊசியின்ர கூர் முனையைப் பாருங்க, சுத்திவர கோடு விழுந்திருந்தா மாத்தத்தான் வேணும். மிதவையைக் காதுக்குப் பக்கத்தில ஆட்டிப் பாருங்க, உள்ள சளக்கெண்டா அதுவும் ஓட்டை.

சம்மாந்துறை: நுவரெலியாவுக்குப் போனா கறுப்புப் புகை தள்ளுது, இங்க வந்தா நல்லம்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் எங்கட கரையை விட அஞ்சில ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அளவு அப்பிடியே வர காத்துத்தான் காணாது. ரெண்டு நாள் பயணத்துக்கு ஒண்டும் மாத்த வேணாம், பில்டரை மட்டும் சுத்தமா வச்சிட்டுப் போங்க.

ஏறாவூர்: காபரேட்டர்ர பக்கவாட்டில இருக்கிற ஆணியை உள்ள திருப்பினா பெற்றோல் கூடுமா குறையுமா? ஆளுக்கொண்டு சொல்றாங்க.

ரெண்டு பேரும் சரி. ஆணி பில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஆணி, உள்ள திருப்பினா பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தா மறுதலை. மெல்ல முழுக்க உள்ள விட்டு, ஒண்டரைச் சுத்து வெளிய எடுத்து அங்க இருந்து தொடங்குங்க. இறுக்கிப் போடாதீங்க, கூர் உடைஞ்சு உள்ளயே நிண்டுடும்.

களுவாஞ்சிக்குடி: பழையதை எறிஞ்சிட்டு மலிவாப் புதுக் காபரேட்டர் வாங்கவா அண்ணே?

எறியாதீங்க. அந்தப் பழைய கெய்ஹின் மாதிரி வார்ப்பு இப்ப மலிவுச் சாமானில வாறதில்ல, ஜெட் நம்பரும் உங்கட எஞ்சினுக்குப் பொருந்தாது. ஸ்லைட்டை (முறுக்கேக்க மேல கீழ போற உருளை) உள்ள விட்டு விரலால முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டிப் பாருங்க. நல்லாக் கடகடக்குது எண்டா மட்டும் வேற யோசிக்கலாம். இல்லாட்டி ஓ ரிங், ஊசி, கிண்ணத்து கஸ்கெட் மூண்டையும் மாத்தினாப் போதும்.